மாட்டுத்தொட்டி வளைவு

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை எனக்கும் என் மனைவிக்கும் ஒரு மணி நேரத் திருமணம்தான். மாலை நான்கு மணிக்கு அவள் விடுதிச் சமையலறையில் வேலை முடிந்து வீட்டுக்கு வருவாள். நான் கட்டிலிலிருந்து எழுந்து வருவேன். ஒரே மேசை, ஒரே சூப். அவளுக்கு அது இரவுச் சாப்பாடு, எனக்குக் காலைச் சாப்பாடு. ஐந்து மணிக்கு நான் மலைக்குப் போய்விடுவேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் என்று ஊரில் சொல்கிறார்கள். குளிர்காலங்களைக் கழித்தால் பதினொன்றுதான் தேறும். நாங்கள் இன்னும் அடித்துக்கொள்ளாமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் மனைவி புர்கியின் கட்சி.

அன்றைக்கு சூப்பில் பாலாடைக்கட்டி உருண்டையை நசுக்கிக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி சொன்னாள்:

"நாளைக்கு எனக்கு லீவு. காலைல மொத கேபிள் கார்ல மேல போறேன். ஊர்த்தடத்துல சறுக்கி வீட்டுக்கு வரலாம்னு இருக்கேன்."

நான் மெல்லுவதை நிறுத்திவிட்டேன். மூன்று குளிர்காலமாக அவள் பனிச்சறுக்குக் கட்டைகளைத் தொட்டதில்லை. அவை நிலவறையில், ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தன.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"முட்டி சரியாயிடுச்சுன்னாரு. மத்தது அவரு டிபார்ட்மெண்ட் இல்லையாம்." உருண்டையை விழுங்கினாள். "இறங்கிப் பாக்குறேன். அந்த வளைவுல கால் நடுங்கி நின்னுட்டேன்னு வை, ஞாயித்துக்கெழம சந்தையில கட்டைகள வித்துடுவேன். எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்கு."

"அந்த வளைவ நல்லா…"

"ஒண்ணும் பண்ணாத, வெண்டல். எப்பவும் போல ஓட்டு. அது போதும்."

எப்பவும் போல ஓட்டியதால்தான் அவள் முட்டி உடைந்தது. அதை அவள் சொல்லவில்லை. அவள் சொல்வதே இல்லை என்பதுதான் என் தொல்லை.

நான் ஓட்டுவது பனியைச் சமன் செய்யும் வண்டி. பட்டைச் சக்கரத்தில் ஊர்வதால் எங்கள் பள்ளத்தாக்கில் அதைக் கம்பளிப்பூச்சி என்போம். முன்னால் பெரிய தகடு, பின்னால் சுழலும் கலப்பை, அதற்கும் பின்னால் சீப்பு மாதிரி ஒரு ரப்பர் விரிப்பு. தகடு மேட்டைத் தள்ளும், கலப்பை உடைக்கும், சீப்பு வரிவரியாக வாரிவிடும். காலையில் ஆட்கள் வந்து அந்த வரிகளைப் பார்த்து "ஆகா" என்பார்கள். பத்து மணிக்குள் அழித்துவிடுவார்கள். நான் அப்போது தூங்கிக்கொண்டிருப்பேன். என் வேலையை ஆட்கள் அனுபவிப்பதை இருபத்தாறு வருடத்தில் நாலைந்து முறைதான் பார்த்திருப்பேன்.

இந்த வேலையில் ஒரே ஒரு விதி. ஒரு முறை மேலே போன பாதையின் ஓரத்தை, அடுத்த முறை கீழே வரும்போது ஒரு முழமாவது ஏறி மிதிக்க வேண்டும். மிதிக்காவிட்டால் இரண்டுக்கும் நடுவே ஒரு விளிம்பு நிற்கும். ராத்திரியில் அது உறைந்து படிக்கட்டாகிவிடும். மூன்று வருடத்துக்கு முன்பு, விடியற்காலை மூன்று மணிக்கு, மாட்டுத்தொட்டி வளைவில் நான் ஒரு கண்ணை மூடினேன். இன்னொரு கண் அதற்குத் துணை போனது. மொத்தம் நாலு நொடி. உள்ளங்கை உயர விளிம்பு, இருபதடி நீளம். அடுத்த நாள் அதன்மேல் எத்தனையோ பேர் போனார்கள். விழுந்தது ஒரே ஒருத்தி. அவளுக்கும் எனக்கும் ஒரே கதவு எண்.

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் புர்கி சொன்ன முதல் வார்த்தை: "உன் கோடு கோணலா இருக்குன்னு சொல்லத்தான் வேகமா வந்தேன்."

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, தாழ்வாரத்தில் காப்பி இயந்திரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். காப்பி வாங்குவதற்காக அல்ல.

சரி, அந்த ராத்திரிக்கு வருவோம். ஏப்ரல் முதல் வாரம். பகலெல்லாம் தெற்கிலிருந்து வெப்பக்காற்று அடித்து, ஊர்த்தடம் பச்சைப் புல்வெளிக்கு நடுவே நாடாத் துணி போலக் கிடந்தது. இந்தப் பருவத்தில் ஈரப்பனியை உடனே உழக்கூடாது. உழுதால் காலையில் கண்ணாடியாக உறைந்துவிடும். குளிர் இறங்கும்வரை காத்திருந்து, ஒரே ஒரு முறை உழுதுவிட்டு, தொடாமல் விட்டுவிட வேண்டும். பனி இறுக மூன்று மணி நேரமாவது வேண்டும். இதை நான் புதிதாக வரும் ஓட்டுநர்களுக்கு விரல் நீட்டிச் சொல்வது வழக்கம்.

மேல் சரிவுகளை முடித்துவிட்டுப் பதினொன்றரைக்கு வளைவுக்கு வந்தேன். கோடையில் அங்கே மாடுகள் தண்ணீர் குடிக்கும் கல்தொட்டி இருக்கும். குளிர்காலத்தில் பனிக்குள் புதைந்துவிடும். ஊற்று மட்டும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும், எனவே அங்கே பனி எப்போதும் மெலிசு. ஒரு முறை கீழே, ஒரு முறை மேலே, நடுவே ஒரு முழம் மிதித்து. இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். அருமையாக இருந்தது. இருபத்தாறு வருடத்தில் அதைவிட நல்ல வளைவை நான் வாரியதில்லை.

அங்கேயே சாவியைத் திருப்பி நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை.

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் விளக்கு வெளிச்சத்தில் நடுவே ஒரு நிழல் தெரிந்தது. விளிம்போ? இறங்கிக் கையால் தடவினேன். ஒன்றுமில்லை. ஏறினேன். மறுபடி நிழல். எதற்கு வம்பு என்று இன்னொரு முறை ஓட்டினேன். இப்போது நிழல் ஓரத்துக்கு நகர்ந்திருந்தது. மறுபடி ஓட்டினேன்.

வயர்லெஸ் கரகரத்தது. எதிர்ச் சரிவில் ஓட்டிக்கொண்டிருந்த கோர்பினியன். பத்தொன்பது குளிர்காலமாக என் ராத்திரிக் கூட்டாளி. தலையில் ஒரு முடி கிடையாது.

"யோவ் வெண்டல், உன் வெளக்கு அந்த எடத்த விட்டு நகரவே மாட்டேங்குதே? தடத்த வாருறியா, பொண்ணுக்குத் தலை சீவி விடுறியா?"

"உனக்குச் சீவுற விஷயத்துல என்ன தெரியும், மொட்ட?"

"எத்தன வாட்டி?"

"ரெண்டு."

"நான் எண்ணிக்கிட்டுதான்யா இருக்கேன். நாலு. பனி சாவப் போவுது, விட்டுடு."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு."

அந்த ஒன்றும் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. அலுப்பு ஒரு கட்டத்துக்கு மேல் போனால் மனிதனுக்கு நிறுத்தத் தெரியாது. தொடர்வதுதான் சுலபமாகத் தெரியும். ஏழாவது முறை இறங்கும்போது தகட்டின் சத்தம் மாறியது. பனியைத் தள்ளும்போது வரும் அந்தப் பஞ்சுச் சத்தம் இல்லை. கரகரவென்று, பல்லைக் கடிக்கிற மாதிரி. நிறுத்தி, இறங்கி, டார்ச் அடித்தேன்.

சேறு. புல். கல்தொட்டியின் ஒரு மூலை, சவரம் செய்த முகம் போலப் பளபளவென்று. வளைவின் நடுவில், வண்டியின் முழு அகலத்துக்கு, பத்தடி நீளத்துக்குப் பழுப்பு. மீதிப் பனியையும் கலப்பை சேற்றோடு பிசைந்து வைத்திருந்தது. மணி ஒன்றே முக்கால்.

அவளுக்காக நான் அந்த வளைவை மூன்று வருடம் முன்பு இருந்ததைவிட மோசமாக ஆக்கி வைத்திருந்தேன். எட்டு மணிக்கு அவள் மேலிருந்து வந்து இதைப் பார்ப்பாள். கட்டைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்து இறங்குவாள். ஞாயிற்றுக்கிழமை சந்தை.

வயர்லெஸை எடுத்தேன்.

"கோர்பினியன். பம்ப் அறைக்குப் பின்னால நீ ஒளிச்சு வச்சிருக்கியே, அந்தப் பனி…"

"எந்தப் பனி?"

"ஊருக்கே தெரியும்யா."

பருவத்தின் கடைசி நாளில் எங்கள் ஊரில் குட்டை தாண்டும் கூத்து ஒன்று உண்டு. மேட்டிலிருந்து வேகமாகச் சறுக்கி வந்து, தண்ணீர்மேல் வழுக்கி அக்கரை சேர வேண்டும். பெரும்பாலோர் நடுவிலேயே முழுகுவார்கள். கோர்பினியன் வருடாவருடம் தன் அம்மாவின் பண்டிகைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு தாண்டுவான், முழுகுவான். இந்த வருடம் மேட்டை இரண்டு மடங்கு உயரமாகக் கட்டி அக்கரை சேர்வதாகச் சபதம் போட்டு, ஜனவரியிலிருந்து பம்ப் அறையின் நிழலில் பனியைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தான். அதைத் தொட்டால் கையை வெட்டுவேன் என்று சாராயக் கடையில் பொதுவாக அறிவித்தும் இருந்தான்.

"எதுக்கு?" என்றான்.

"தொட்டி வெளிய வந்துடுச்சு."

"நான் சொன்னேனா இல்லையா? நாலாவது வாட்டியே சொன்னேன். உனக்குக் காதுன்னு ரெண்டு எதுக்குய்யா வச்சிருக்கு, தொப்பி நிக்கவா? காத்தாலைக்குள்ள யாரு வந்து செத்துடப் போறாங்க? கயிறு கட்டி மூடிட்டுப் போ."

"புர்கி வர்றா."

அவன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், எனக்கல்ல, பொதுவாக. எதிர்ச் சரிவில் அவன் விளக்கு திரும்பி, பம்ப் அறைப் பக்கம் நகர ஆரம்பித்தது.

இரண்டு வண்டியுமாகப் பதினோரு நடை. முதலில் சேற்றை வழித்துக் காட்டோரம் தள்ளினோம். பிறகு அவன் ஜனவரிப் பனியைத் தகடு தகடாகக் கொண்டுவந்து கொட்டினான், நான் பரப்பினேன். ஒவ்வொரு நடைக்கும் அவனுடைய மேடு அரையடி குறைந்துகொண்டு வந்ததை இருவரும் பார்த்தோம். "எங்கம்மா பாவாட இந்த வருஷமும் நனையப் போவுது" என்றான் எட்டாவது நடையில். முதுகெலும்பு தனியாக, இடுப்பு தனியாக வலித்தது.

நாலே முக்காலுக்கு நான் கடைசியாக வாரினேன். ஒரே ஒரு முறை. இதற்குள் மேகம் விலகி நட்சத்திரங்கள் வந்திருந்தன. கதவுக் கைப்பிடி விரலில் ஒட்டியது. குளிர் கைகொடுத்தால் எட்டு மணிக்குள் இறுகிவிடும். வண்டியைத் தடத்துக்குக் கீழே, மரங்களுக்கு ஓரமாக நிறுத்தினேன்.

கோர்பினியன் என் வண்டியின் கதவைத் திறந்து கையை நீட்டினான்.

"சாவி."

"எதுக்கு?"

"நான் போன ஒடனே நீ அங்க ஒரு நெழல் தெரியுதும்ப. குடுய்யா."

கொடுத்தேன். அவன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். நான் வண்டிக்குள் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் வளைவு முழுதாகத் தெரியும். எட்டு மணிக்கு அவள் வருவதை என் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும். நின்றால் ஓடிப்போய்க் கையைப் பிடிக்க வேண்டும். ஆறு மணிக்கு மலை உச்சி சிவந்தது. ஆறரைக்கு ஒரு மான் தடத்தின் குறுக்கே போய்ப் புதுக் குளம்படிகளை வைத்தது, அதைத் திட்டினேன். ஏழரைக்குக் கேபிள் கார் கம்பி அசைய ஆரம்பித்தது. ஏழு ஐம்பதுக்கு நான் நிமிர்ந்து உட்கார்ந்து கண்களை அகலத் திறந்துகொண்டேன்.

யாரோ கண்ணாடியைக் கோலால் தட்டினார்கள்.

புர்கி. முகமெல்லாம் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நான் கதவைத் திறந்தேன். கழுத்து ஒரு பக்கமாகவே நின்றது.

"எப்ப வந்த?"

"எந்த வாட்டிய கேக்குற?"

"என்னது?"

"ரெண்டு தடவ வந்துட்டேன். மொத தடவ வந்து பாத்தேன், வாயத் தொறந்து தூங்கிக்கிட்டிருந்த. சரி, தூங்கட்டும்னு இன்னொரு தடவ போயிட்டு வந்தேன்."

மணி ஒன்பதே கால். நான் இறங்கி வளைவைப் பார்த்தேன். இருபத்தாறு வருடம் பனியைப் படித்தவன். அவள் சொல்லாததை அது சொன்னது. முதல் தடம் வளைவின் மேலேயே நின்றிருந்தது. அங்கே பனி வெகுவாக மிதிபட்டுக் கிடந்தது, இடம் மாறி மாறி நின்ற மாதிரி. பிறகு பக்கவாட்டில் இழுத்து இழுத்து, உருளைக்கிழங்கு துருவின மாதிரி, அங்குலம் அங்குலமாக இறங்கியிருந்தது. இரண்டாவது தடம் அதற்கு அருகே. நிற்கவே இல்லை. ஒரே வளைவு, தட்டின் விளிம்பு போல.

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். குளிர்.

"பனி இறுகியிருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு. ஆனா அங்க மட்டும் வேற நெறமா இருக்கு. பழைய பனியா?"

"ஜனவரி."

"கோர்பினியனோடதா?" வாயைப் பொத்திக்கொண்டாள். "அட கடவுளே. அவங்கம்மா பாவாட."

"கட்டைகள விக்கிறதா?"

யோசித்தாள். "பூட்ஸ வித்துடலாம். கால் கடிக்குது."

எனக்கு வண்டி எடுக்கச் சாவியில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. நல்ல காலை ஊன்றிச் சாய்ந்து சாய்ந்து சிரித்தாள். வீடுவரை சேர்ந்தே இறங்கினோம். அவள் மெதுவாகச் சறுக்கிக்கொண்டு, நான் தடத்துக்கு வெளியே, புல்லும் சேறுமான ஓரத்தில் காலடி தேடித் தேடி.

"நடுவுல வாயேன்" என்றாள். "அங்க வழுக்குது."

"வாரின தடம். மிதிக்கக் கூடாது."

"பத்து மணிக்கு எப்படியும் உருகிடும், வெண்டல். வா."

மணி ஒன்பதரைதான் ஆகியிருந்தது. ஓரமாகவே நடந்தேன்.