முட்டிச் செல்லின் மேல் போட்ட பழி

1

இந்தக் கதை தர்மபுரியில், முட்டி வைத்தியம் பார்க்கும் டாக்டர் பூவிழியின் அறையில் பிறந்தது. நாற்காலியில் என் மனைவி பானுமதி. அவள் நடந்தால் முட்டிச் சத்தம் பொம்மிடி ஸ்டேஷன் வரை கேட்கும். (சரி, சமையலறை வரை.) நான் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். நான் சொல்வதைப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

"தேய்மானம் மட்டும் இல்லீங்க ஐயா," என்றார் டாக்டர். "ரெண்டு எலும்பையும் இழுத்துக் கட்டுற நார் இருக்கு, லிகமென்ட். அதுல இருக்கிற செல்லுங்கதான் நாரைப் பராமரிக்குது. நார் அறுந்தா, அதுங்களே குணம் மாறி, பக்கத்துல இருக்கிற குருத்தெலும்பை அரிக்கிற ரசாயனத்தைச் சுரக்க ஆரம்பிக்கலாம். அம்மா எப்பவாச்சும் விழுந்தாங்களா? பழைய அடின்னா ஸ்கேன் எடுக்கணும், வைத்தியமே மாறும்."

"இல்லீங்க," என்றேன் நான். பானுமதி சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தாள்.

2

வீட்டுக்கு வந்ததும் அந்தச் செல்லைப் பற்றிக் கதை எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்: 'கம்பத்தை நிறுத்தும் ஸ்டே கம்பிபோல முட்டிக்குள் ஒரு நார். அதில் குடியிருந்த செல் ஒன்று காரணமே இல்லாமல் கெட்டுப்போய்…'

காரணமில்லாமல் கெட்டவனை நம்புவீர்களா, வாசகரே?

இரண்டாவது: 'அந்தச் செல் பிறவி அயோக்கியன். பக்கத்து வூட்டுக் குருத்தெலும்பின் மேல் அதற்கு வெகுநாளாக ஒரு…'

இது ஜோராக வந்தது. மொச்சை உரித்துக்கொண்டிருந்த பானுமதிக்குப் படித்துக் காட்டினேன்.

"பாவங்க அந்த செல்லு," என்றாள். "அதைத் தொப்பூர்ல கீழ தள்ளுனது யாருன்னு எழுதலியே."

3

(அடிக்குறிப்பில் ஒளித்துவிடலாம் என்றிருந்தேன்.) இருபத்திரண்டு வருடமாக நான் சொல்லும் தொப்பூர் மலையிறக்கக் கதையில் ஏழு லாரிகள் உண்டு. பிரேக் பிடிக்காத மொபெட் உண்டு. காலை ஊன்றியே வண்டியை நிறுத்திய நான் உண்டு. பின்சீட்டில் மட்டும் ஆள் கிடையாது.

அவள் ஒருநாளும் குறுக்கே பேசியதில்லை. விழுந்து வீங்கிய அவள் முட்டியை இண்டூர் வைத்தியரிடம் எண்ணெய் போட்டு உருவவைத்து, சுளுக்கு என்று தீர்ப்புச் சொன்னவன் நான். ஐந்தாம் நாள் அவள் களையெடுக்கப் போனாள். அன்றிலிருந்து அந்தச் செல்கள் அறுந்த நாரை வைத்துக்கொண்டு என்ன பாடு

(முடிக்க வரவில்லை.)

"டாக்டர்கிட்ட நீயாச்சும் சொல்லியிருக்கலாமே."

"நீங்க இல்லைன்னுட்டீங்க. அந்தப் பொண்ணு முன்னால உங்களைப் பொய்யனாக்கவா?"

"ஏழு லாரி வந்துச்சுல்ல?"

"ஒரு நாய். அதுவும் ஓரமாத்தான் படுத்திருந்துச்சு."

4

முடிவு ஒன்று: நான் உண்மையைச் சொல்ல, தர்மபுரியே அழுகிறது. முடிவு இரண்டு: செல் திருந்தி, பானுமதி மலையேறி… இரண்டையும் அவள் அடித்துவிட்டாள்.

வாசகரே என்று கூப்பிட்டது உங்களைத்தான், டாக்டரம்மா. திங்கட்கிழமை திரும்ப வரும்போது உங்கள் முன்னால் வாயைத் திறந்தால் லாரி வந்துவிடும். அதனால் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். இதில் பத்தால் வகுக்கக் கூடாதது ஒன்றுதான்: பானுமதி விழுந்தாள், ஓட்டியவன் நான்.

முடிவை உங்கள் மருந்துச் சீட்டில் எழுதுங்கள். உங்கள் கையெழுத்து எனக்குப் புரியாது. அதனால் நான் அதில் ஒரு லாரிகூடச் சேர்க்க முடியாது.