பல் பல்லாய் ஒரு வெளிச்சம்

படத்தை விளக்குப் பெட்டியில் செருகிய டாக்டர், நோயாளியான அந்தோணிசாமியை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்ற தம்பி லாசரஸைப் பார்த்துத்தான் கேட்டார். தலைவலி வருவதுண்டா, வருவதற்கு முன்னால் கண்ணுக்குள் ஏதாவது வெளிச்சம் ஓடுமா என்று. லாசரஸ் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இல்ல டாக்டர்" என்றான்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் செப்டம்பர் மாதம். நரம்பு டாக்டரிடம் நம்பர் கிடைக்கவே மூன்று வாரம் ஆகியிருந்தது. கறுப்புப் படத்தில் அண்ணனின் மூளை வரிசை வரிசையாக வெட்டி வைத்த மாதிரி தெரிந்தது. ஒவ்வொரு வெட்டிலும் அங்கங்கே வெள்ளைத் திட்டுகள். டாக்டர் பேனா முனையால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பெரிய குழாய் எதிலும் அடைப்பில்லை, உள்ளே போகிற மயிரிழை போன்ற குழாய்களின் சுவர்தான் தடித்துக்கொண்டே வந்திருக்கிறது, ரத்தம் போகிற வழி சுருங்கிவிட்டது, ரத்தம் போதாத இடங்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன என்றார். அப்பாவுக்கு எந்த வயதில் வந்தது என்று கேட்டார். நாற்பத்தெட்டில் முதல் தடவை, ஐம்பத்து மூன்றில் மூன்றாம் தடவை, அதோடு போய்விட்டார் என்று லாசரஸ் சொன்னான். அந்தோணிசாமிக்கு நாற்பத்தைந்து. பிரஷர் இல்லை, சர்க்கரை இல்லை, சாராயத்தை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை.

வெளிநாட்டில் இந்த வியாதிக்கு இப்போதுதான் பெயர் வைத்திருக்கிறார்கள், குணமாக்குகிற மருந்து இன்னும் இல்லை என்றார் டாக்டர். பிறகு லாசரஸின் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டு பேசினார்.

"இது ரத்தத்துல வர்றது. அப்பாவுக்கு இருந்தா பிள்ளைங்க ஒவ்வொருத்தருக்கும் பாதிக்குப் பாதி. நீங்களும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடுங்க. என்ன வேலை பாக்கறீங்க?"

"ரயில்வேல" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டான்.

அதற்குமேல் சொல்லியிருந்தால் தாம்பரத்துக்கும் பீச்சுக்கும் இடையே எலெக்ட்ரிக் ட்ரெயின் ஓட்டுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். மோட்டார்மேன். பம்மலில் அவன் தெருவில் அந்த வேலைக்குப் போன முதல் ஆள். கிளீனராகச் சேர்ந்து, பரீட்சை எழுதி எழுதி வண்டி முகப்பில் இருக்கிற அந்தச் சின்ன அறைக்குள் உட்கார அவனுக்குப் பன்னிரண்டு வருஷம் ஆனது. அப்பாவும் அண்ணனும் தோல் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்றே காலத்தைக் கழித்தவர்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இவன் டூட்டிக்குக் கிளம்பும்போது தெருவே ஒருமுறை நிமிர்ந்து பார்க்கும். மனைவி ரத்தினபாய் அந்தச் சட்டையை வேறு துணிகளோடு ஊறவைக்கவே மாட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தோணிசாமி திடீரென்று சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு அழுகையானது. வாயின் இடது ஓரத்தில் எச்சில் வழிந்தது. ஆறு மாதமாக இப்படித்தான். சிரிப்பதற்கும் அழுவதற்கும் காரணம் தேவைப்படவில்லை. லாசரஸ் தன் கைக்குட்டையால் அண்ணனின் வாயைத் துடைத்துவிட்டான். துடைக்கும்போது தன் கை நடுங்குகிறதா என்று பார்த்தான்.

லாசரஸுக்கு வெளிச்சம் வராமல் இல்லை. முப்பத்தோரு வயதிலிருந்து வருகிறது. பார்க்கிற பொருளின் ஓரத்தில் முதலில் ஒரு புள்ளி மினுங்கும். அது ரம்பத்தின் பற்கள்போல் வளைந்து, துடித்துத் துடித்துப் பெரிதாகும். அதற்குள்ளே எதைப் பார்த்தாலும் அந்த இடம் காணாமல் போய்விடும். இருபது நிமிஷத்தில் தானாக விலகிவிடும். பிறகு பாதித் தலையைப் பிளக்கிற வலி. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் என்பதால் பித்தம் என்று சொல்லி மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வான். ரயில்வே டாக்டர்கள் வருஷா வருஷம் எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள், வர்ணத்தைச் சொல்லச் சொன்னார்கள். இதை யாரும் கேட்டதில்லை.

வண்டி ஓட்டும்போது ஒரே ஒரு தடவை வந்திருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், கோடம்பாக்கம் தாண்டி. பழக்கத்தில் வேகத்தைக் குறைத்து, பழக்கத்தில் நுங்கம்பாக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டான். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு வழியில் இருந்த சிக்னல் என்ன நிறம் காட்டியது என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு அவன் தன்னையே வேவு பார்க்க ஆரம்பித்தான். ஷேவ் செய்துகொள்ளும்போது வாய்க்குள் ஸ்டேஷன் பெயர்களை வரிசையாகச் சொன்னான். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம். ஒருநாள் பழவந்தாங்கலுக்கு அடுத்தது உடனே வரவில்லை. பிளேடை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். பரங்கிமலை என்று ஞாபகம் வந்தபோது முகத்தில் சோப்பு காய்ந்து இழுத்தது. ரத்தினபாய் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் என்னதான் சொன்னார் என்று மறுபடியும் கேட்டாள். அண்ணனுக்கு மாத்திரையை நிறுத்தக் கூடாதாம் என்றான்.

ஓட்டும் அறையில் ஒரு ஹாண்டில் உண்டு. கை தளர்ந்தால் வண்டி தானாக நின்றுவிடும். ஓட்டுகிறவன் மயங்கி விழுந்தாலும் செத்தே போனாலும் ஜனங்களுக்கு ஆபத்தில்லை என்று டிரெய்னிங்கில் சொல்லிக்கொடுத்தார்கள். கையும் காலும் நன்றாக இருந்து கண் மட்டும் போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நவம்பரில் அது வந்தது. விடாமல் மழை. காலை ஒன்பது மணிக்கு மேல் தாம்பரத்திலிருந்து கிளம்பிய வண்டி, ஆபீஸ் கூட்டம் வாசலில் தொங்கிக்கொண்டு வந்தது. கிண்டியை விட்டு வேகம் எடுத்து, அடையாற்றுப் பாலத்தை நெருங்கும்போது வைப்பருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி மினுங்கியது. மழைத்துளி என்றுதான் நினைத்தான். கண்ணைச் சிமிட்டிப் பார்த்தான். புள்ளிக்குப் பல் முளைத்தது.

எதிரே சிக்னல் கம்பம் தெரிந்தது. கம்பத்தின் தலை தெரியவில்லை. நேராகப் பார்த்தான், சாய்ந்து பார்த்தான், விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடித் தூள்போல் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. பச்சையாக இருக்கலாம். இந்த நேரத்தில் எப்போதும் பச்சைதான். போய்விடலாம் என்று அவனுக்குள் ஒன்று சொன்னது. சைதாப்பேட்டை வந்துவிடும், மாம்பலம் வருவதற்குள் சரியாகிவிடும், யாருக்கும் தெரியப்போவதில்லை. முதுகுக்குப் பின்னால் ஒன்பது பெட்டியிலும் ஜனங்கள் நெருக்கியடித்து நின்றார்கள். பிரேக்கைப் போட்டான்.

வண்டி பாலத்துக்கு முன்னாலேயே நின்றது. பெட்டிகளிலிருந்து சத்தம் கிளம்பியது. கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு பொன்னுரங்கம் குடையைப் பிடித்துக்கொண்டு ஜல்லிமேல் நடந்தே வந்துவிட்டார். ஓய்வு பெற இரண்டு வருஷமே இருந்த மனிதர், லாசரஸை ஆரம்பத்திலிருந்து தெரிந்தவர். ஏறி உள்ளே வந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்.

"இன்னா லாசரு, பச்சதானே கீது?"

"எனக்குத் தெரிலண்ணா."

பொன்னுரங்கம் சிக்னலைப் பார்த்தார், லாசரஸின் முகத்தைப் பார்த்தார். குடையை மடக்கியபடி, சிக்னல் அணைந்து அணைந்து எரிந்தது என்று எழுதிக்கொள்ளலாம், மழையில் நடக்கிறதுதான், ஒருத்தரும் துருவ மாட்டார்கள் என்றார். பக்கத்தில் நின்று தானே சிக்னல் சொல்லிக்கொண்டு வருகிறேன், சைதாப்பேட்டை வரை மெதுவாக உருட்டு என்றும் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். லாசரஸின் கண்ணுக்குள் அவர் முகத்தில் பாதியைக் காணவில்லை. இருந்த பாதியைப் பார்த்துக்கொண்டே, வேறு ஆளைக் கூப்பிடுங்கள் என்றான்.

மூன்றாவது பெட்டியில் டூட்டிக்குப் போய்க்கொண்டிருந்த இன்னொரு மோட்டார்மேன் இருந்தார். பொன்னுரங்கம் போய்ச் சொல்ல, அவர் நனைந்துகொண்டே வந்து ஏறினார். லாசரஸ் இடத்தை விட்டு எழுந்து, மூலையில் நின்று, பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். வண்டி நகர்ந்தபோது கீழே ஆறு இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அவனுக்கு அதில் ஒரு பக்கக் கரைதான் தெரிந்தது.

அதன்பிறகு எல்லாம் சீக்கிரம் நடந்தது. அவனே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தான், எட்டு வருஷமாக வெளிச்சம் வந்துகொண்டிருந்ததையும். ஸ்கேன் எடுத்தார்கள். அதே டாக்டர் அண்ணன் படத்தையும் தம்பி படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். தம்பியுடையதில் திட்டுகள் சின்னதாக இருந்தன, குறைவாக இருந்தன. ஆனால் இடம் அதே இடம். செப்டம்பரில் ஏன் இல்லை என்றீர்கள் என்று அவர் கேட்கவில்லை. ஜனவரியில் தாம்பரம் ஷெட்டில் ஸ்டோர் ரூமில் உட்காரவைத்தார்கள். பல்பும் துடைக்கிற பஞ்சுக்கழிவும் எடுத்துக் கொடுக்கிற வேலை. ரத்தினபாய் அழவில்லை, வெள்ளைச் சட்டைகளை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

விஷயத்தை அண்ணனிடம் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போனான். அண்ணி தனம், இப்போதெல்லாம் அவருக்கு எதுவும் ஏறுவதில்லை, சொன்னாலும் ஒன்று சொல்லாவிட்டாலும் ஒன்று என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தோணிசாமி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்தான். லாசரஸ் எல்லாவற்றையும் சொன்னான். பாலம், சிக்னல், ஸ்டோர் ரூம். அண்ணன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வாய் மெல்ல அசைந்தது.

"பல்லு... பல்லா வருமே. அதானே?"

லாசரஸ் நாற்காலிப் பக்கம் குனிந்தான். "உனக்கும் வந்துச்சாண்ணா?"

"அப்பாவுக்கும்." ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தான். "எங்கிட்ட சொன்னாரு. நீ சின்னவன்... பயந்துடுவேன்னு உங்கிட்ட சொல்லல."

பிறகு அவன் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. பல மாதங்களுக்குப் பிறகு பழைய அண்ணனாகத் தம்பியை நேராகப் பார்த்துக் கேட்டான்.

"ஒம் பொண்ணு?"

லாசரஸ் எழுந்து வந்தான். ஒரே பெண், ஜெசிந்தா. பதினேழு வயது. ப்ளஸ் டூ படிக்கிறாள். பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொன்னதை அவன் இன்னும் ரத்தினபாயிடம் சொல்லவில்லை. வழியெல்லாம் எப்படிக் கேட்பது என்று யோசித்தான். கேட்டால் ஏன் என்று கேட்பாள். கேட்காவிட்டால் அப்பா செய்ததைத்தான் அவனும் செய்கிறான்.

வீட்டில் ஜெசிந்தா ஜன்னலோரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஸ்கூல் யூனிஃபார்ம், அதன்மேல் அறுந்துபோன பட்டன். ரத்தினபாய் பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றிய லாசரஸ் வாசலைத் தாண்டாமல் அங்கேயே நின்றான். வெயில் நேராக மகளின் முகத்தில் விழுந்தது. ஊசியை உயர்த்தி நூலைக் கோக்கப் பார்த்தாள். நூல் ஊசிக் காதுக்குப் பக்கத்தில் போய் விலகியது. மறுபடி முயன்றாள், மறுபடியும் விலகியது. ரத்தினபாயின் முறம் நின்றது. ஜெசிந்தா நூல் நுனியை நாக்கில் நனைத்து முறுக்கினாள். ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு, வெளிச்சத்துக்கு நேராக ஊசியைத் தூக்கிப் பிடித்தாள்.