புளி போட்டுத் தேய்த்த அம்மன்

"இதைப் புளி போட்டுத் தேய்ச்சீங்களா?"

கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாசி என்ற புறநகரில் இருக்கும் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல், மஞ்சள் துணியில் கிடந்தது அந்தச் செப்புக்காசு. இந்த ஊர் இரண்டு டாலர் காசைவிடச் சற்றே பெரியது. எழுத்து இல்லை, வருஷம் இல்லை, முகமும் இல்லை. பகலில் மென்பொருள் சோதிப்பது என் பிழைப்பு; தேய்ந்துபோன பழைய அமெரிக்கக் காசுகளை அடையாளம் காண்பது என் பைத்தியம். காசை விளக்கிவைக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

"வெள்ளிக்கிழமை தோறும், தங்கச்சி," என்றார் பிரேம்வதி பெருமையாக. "புளி, துன்னூறு, அப்புறம் குங்குமம். எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும் செஞ்சது. மாரியம்மா இல்லியா!"

பிஜியிலிருந்து வந்த தமிழ்க் குடும்பம். வீட்டில் இந்தி, சாமியிடமும் இப்போது என்னிடமும் மட்டும் தமிழ்.

அவர் மகள் ரோனிதா கதவோரமாகவே உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் போனில் என்னிடம் கெஞ்சியது அவள்தான். அம்மாவுக்குக் கைமூட்டு வலி வந்தபின் தேய்க்கும் வேலை அவளுக்கு வந்திருந்தது. அதிலிருந்து அவள் போன் அவள் முகத்துக்குத் திறப்பதில்லை. மங்கரேயில் அவள் வேலை செய்யும் சரக்குக் கிடங்கில் தினமும் "புதுசா?" என்று கேட்கிறார்கள். போன வாரம் வெஸ்ட்கேட் கடைவீதியில் பெற்ற தாயே அவளைப் பார்த்துக்கொண்டே கடந்து போயிருக்கிறார். அது அமெரிக்கக் காசு என்று நிரூபித்துவிட்டால் அம்மா தேய்க்கச் சொல்வதை நிறுத்திவிடுவார், இன்னும் ஒரு தடவை தேய்த்தால் தனக்கு முகமே மிஞ்சாது என்று ஆங்கிலத்தில் அழுதாள். தூக்கம் கெட்ட பிள்ளை, உளறுகிறது என்று நினைத்தேன். ஆனால் நேரில் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பினால், அவள் எப்படி இருந்தாள் என்பது என் நினைவில் நிற்கவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

"மாரியம்மா அவள சோதிக்கிறா," என்றார் பிரேம்வதி. "அதான் இன்னும் நல்லா தேய்க்கச் சொல்றேன்."

"நிறுத்துங்க அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். இந்த வகைக் காசில் பெண் முகம் வலப்பக்கம் பார்த்தால் 1807க்குள் அடித்தது. இடப்பக்கம் பார்த்தால் அதற்குப் பின். இதில் கழுத்தின் வளைவு மட்டும் நிழலாக மிச்சமிருந்தது. அது இடப்பக்கம் திரும்பியிருந்தது.

"இது அமெரிக்கக் காசு. சுதந்திரம்னு அவங்க ஒரு பொம்பளைய வரைஞ்சாங்க, அவதான் இவ. திமிங்கிலம் பிடிக்கற கப்பல்ல பிஜிக்கு வந்திருப்பா. மாரியம்மாவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

"அப்ப முகத்த காட்டு," என்றார் பிரேம்வதி. "வெள்ளக்காரி முகமா இருந்தா இன்னியோட விட்டுடறேன். மாரியம்மா மேல சத்தியம்."

ரோனிதா எழுந்து நின்றாள். "ப்ளீஸ், ஆண்ட்டி."

காசை ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவிட்டு எடுத்தேன். அச்சு விழுந்த இடத்தில் செம்பு இறுகியிருக்கும். மேலே எவ்வளவு தேய்ந்தாலும் மூச்சின் ஈரம் அங்கே சில சமயம் வேறு மாதிரி படியும். குனிந்து மெதுவாக ஊதினேன்.

முகம் வந்தது.

அந்தக் காலத்து அமெரிக்கக் காசு எதிலும் முகம் பக்கவாட்டில்தான் இருக்கும். இது நேராக என்னைப் பார்த்தது. இடது புருவத்தில் ஒரு வெட்டு, மேலுதட்டில் மச்சம். நிமிர்ந்தேன். எதிரே நின்ற ரோனிதாவுக்கும் அதே வெட்டு, அதே மச்சம். அவற்றைச் சுற்றி இருந்ததைத்தான் என் கண்ணால் பிடித்துவைக்க முடியவில்லை. அவளிடமிருந்து போனதெல்லாம் இந்தச் செம்பில்தான் இருக்கிறது என்று அப்போது புரிந்தது.

"யாரும் தொடாதீங்க!" என்று கத்தினேன்.

பிரேம்வதி அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டார். "தாயே! கண்ணத் தொறந்துட்டியா!" என்று கதறினார். அவர் கட்டைவிரல் ஆயுசுப் பழக்கத்தில் தானாகவே போனது. நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் ஒரே இழுப்பு. பிறகு காசை எடுத்து இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார்.

பிடுங்கி மறுபடியும் ஊதினேன். வெறும் செம்பு. ஊதி ஊதிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை.

பிரேம்வதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். எதிரே நின்றவளைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார்.

"உங்க பொண்ணா, தங்கச்சி?"

"மம்மி," என்று ரோனிதா அவர் கையைப் பிடித்தாள். விடவே இல்லை. "மம்மி!"

பிரேம்வதி அந்தக் கையை ஆதரவாகத் தட்டிக்கொடுத்தபடி என் பக்கம் திரும்பினார்.

"பாவம், அம்மாவத் தேடுதா?"