ஒரே கட்டளையில் போன பட்டாக்கள்

பேரையூரில் செல்போன் கடை மாடியில் இருந்த விவசாயக் கூலிகள் சங்க அலுவலகத்தில், தமிழ்வாணி அந்த ஃபோல்டரை மூன்றாவது தடவையாகத் திறந்து பார்த்தாள். மூடித் திறந்தாலும் காலிதான்.

காலை வரை அதற்குள் முந்நூறு குடும்பங்களின் பட்டாக்கள் இருந்தன. நிலமில்லாத கூலிக்காரர்களுக்கு அரசு எப்போதோ கொடுத்த நிலங்கள். இன்று வேறு ஆட்கள் உழுகிறார்கள். எட்டு மாதம் ஊர் ஊராக அலைந்து அவள் ஸ்கேன் செய்தவை. நிலத்தை மீட்டுத் தரக் கேட்டுப் போட்ட மனுக்கள்மேல் அடுத்த புதன்கிழமை தாலுகா அலுவலகத்தில் விசாரணை.

லேப்டாப் பழசு என்பதால் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டிருந்தாள். அது என்றைக்காவது படுத்துவிடுமோ என்ற பயத்தில்தான் எல்லாவற்றையும் கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பில், ஏற்ற நினைத்தாள். இணையத்தில் யாரோ எழுதியிருந்த சிங்க் கட்டளையை எடுத்து, இடங்களின் பெயரை மட்டும் மாற்றினாள். முதலில் கிளவுட், அடுத்து லேப்டாப். அது தலைகீழ் என்று அவசரத்தில் தெரியவில்லை. ஒன்றுமே இல்லாத கிளவுடைப் போலவே லேப்டாப் ஃபோல்டரும் ஆகிவிட்டது. குப்பைத் தொட்டியில்கூட ஒன்றும் விழவில்லை.

லேப்டாப்பை அணைத்து எடுத்துக்கொண்டு கோரிப்பாளையத்துக்கு பஸ் ஏறினாள். அங்கே கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த அசோக்குமார் அவளோடு கல்லூரியில் படித்தவன்.

"சிங்க்னா என்னன்னு நெனச்ச?" என்றான்.

"மேல ஏத்துறதுன்னு."

"அதுக்கு காப்பின்னு தனியா இருக்கு, தமிழு. சிங்க்னா, மொதல்ல சொல்ற இடத்துல இல்லாதத ரெண்டாவது இடத்துல அழிச்சிரும். டிரை ரன் போட்டுப் பாத்தியா? எதையும் தொடாம, எதெது அழியப் போகுதுன்னு முன்னாடியே காட்டும்."

"தெரியாதே."

"பென்டிரைவ்ல ஒரு நகலாச்சும்?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள். தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

இரண்டு நாள் போராடி முக்கால்வாசியை மீட்டான். மீதிப்பேரில் ஒருத்தியைத் தவிர எல்லோரிடமும் அசல் இருந்தது; வேலையை விட்டுவிட்டு மறுபடி வந்து, முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். முத்துத்தாயிடம் மட்டும் அசல் இல்லை. போன மழையில் கூரை ஒழுகி, காகிதம் கூழாகியிருந்தது.

பருத்திக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தவளிடம் தமிழ்வாணி நேரில் போய் நின்றாள்.

"அக்கா, ஒங்க பட்டா எங்கிட்ட இருந்து அழிஞ்சுபோச்சு. அவசரத்துல கம்ப்யூட்டர்ல தப்பா..."

"கம்ப்யூட்டர் கதையெல்லாம் எனக்கு எதுக்கு?" முத்துத்தாய் நிமிர்ந்தாள். "மழையில நனைஞ்ச அன்னைக்குக்கூட நான் அழுகல. அதான் தமிழு கிட்ட ஒண்ணு இருக்கேன்னு இருந்தேன். ஒன் காகிதமா இருந்தா இம்புட்டு அவசரப்படுவியா?"

தமிழ்வாணிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

புதன்கிழமை மற்றவர்கள் மனு ஏற்கப்பட்டது. முத்துத்தாயின் மனுவைத் தள்ளிவைத்தார்கள். பழைய பதிவேட்டிலிருந்து நகல் கேட்டு சங்கத்திலிருந்து எழுதிப் போட்டிருக்கிறார்கள். இன்னும் பதில் வரவில்லை.

அந்த வாரச் சங்கக் கூட்டத்தில் தமிழ்வாணி எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றாள்.

"மெஷின் மேல பழி போட மாட்டேன். நான் சொன்னதத்தான் அது செஞ்சுச்சு. இனிமே தனியா ஒரு நகல் எடுக்காம, எது அழியும்னு பாக்காம, ஒரு கட்டளையும் போட மாட்டேன். நம்மள நம்பி அடுத்தவங்க கொடுத்தத வச்சுக்கிட்டு, படிக்காம பட்டனத் தட்டுறது கவனக்கொறைவு இல்ல, துரோகம்."