சான்றிதழ் வாங்கினவள்

வியாகுலமேரிக்குச் சொந்த ஊரான ஆவூரில்தான் அந்தப் பெயர். கீரனூர் பக்கம் அவள் வேலை பார்க்கும் அரசுப் பள்ளியில் செங்கமலம் டீச்சர். பிளஸ் டூ முடித்த வருஷம் அப்பா அவளைத் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப்போய் 'இந்து' என்று சாதிச் சான்றிதழ் வாங்கினார். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், என்று எழுதினால் எஸ்.சி. சலுகை கிடையாது. "எப்பவுமே நாங்க இந்துதாங்க," என்று அப்பா அதிகாரியிடம் சொன்னார். படிப்பு, வேலை எல்லாம் அந்தத் தாளில்தான் வந்தது. முப்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை போட்ட சிலுவைச் சங்கிலியைத் திங்கட்கிழமை கழற்றிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறாள். அலுத்துவிட்டது. ரிட்டயராக இன்னும் நாலு வருஷம்.

இந்த வருஷத் திருவிழா நாடகத்தை அவளை எழுதச் சொன்னார்கள். உரோமையில் ஆதிக் கிறிஸ்தவர்கள் பட்ட பாடு. நாடகத்தை நடத்துகிறவர் சந்தனசாமி, பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"சிங்கவேஷம் ரெண்டு தச்சாச்சு டீச்சர். நீங்க வசனத்த மட்டும் எழுதிக் குடுங்க."

பங்குச் சாமியார் கொடுத்த புத்தகத்தைப் பஸ்ஸிலேயே படித்தாள். தேசியுஸ் என்கிற அரசன், குடிமக்கள் எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டான். மறுத்துச் செத்தவர்கள் உண்டு. பயந்து, சாம்பிராணி போட்டு, தாளை வாங்கிக்கொண்டவர்கள் அதைவிட அதிகம். அப்படிப்பட்ட தாள்கள் எகிப்து மணலுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன. 'எப்போதும் தேவர்களுக்குப் பலியிட்டே வந்திருக்கிறேன்' என்று எழுதியிருக்கிறதாம்.

எப்போதும். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

சாகிறவர்களை எழுதினாள். கூடவே அவுரேலியா என்று ஒருத்தியையும் எழுதினாள். பிள்ளைகளுக்காகச் சாம்பிராணி போட்டுவிட்டு, துன்புறுத்தல் ஓய்ந்தபின் கிறிஸ்தவர்களின் கோயில் வாசலில் வந்து நிற்கிறவள்.

ஒத்திகைக்கு வந்த சந்தனசாமி தாளைப் படித்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"இது வேணாம் டீச்சர். எங்கூட்டுப் பயலும் அப்பிடித்தானே சர்டிபிகேட் வாங்கிருக்கான். ஊருல பாதிப் பேருக்குக் குத்தும்."

"குத்தறதுக்கு எழுதலங்க."

"பெறகு?"

"அவ எங்கிட்டுப் போவா, சொல்லுங்க."

அவுரேலியாவாக நடிக்கும் ஜாஸ்பின், காலேஜ் பெண், நடுவில் கேட்டாள்: "அவங்களைத் திரும்பச் சேத்துக்கிட்டாங்களா டீச்சர்?"

"சில எடத்துல வருஷக்கணக்கா வெளியில நிக்க வச்சாங்க. சில எடத்துல சாகக் கெடக்கறப்பத்தான் சேத்தாங்க."

"அப்ப நம்ம நாடகத்துல?"

அதை வியாகுலமேரி எழுதியிருக்கவில்லை. எழுத உட்கார்ந்த போதெல்லாம் கை ஓடவில்லை. கடைசியில் சந்தனசாமியே, "நிக்க வச்சே முடிச்சிருவோம், அதான் வழக்கம்னா," என்றார். வாசலில் நிறுத்தும் மூப்பர் வேஷத்தையும் அவரே எடுத்துக்கொண்டார்.

திருவிழா ஞாயிறு சாயங்காலம், கோயில் முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. ஜாஸ்பின் முழந்தாளிட்டாள். சந்தனசாமி கம்பை நீட்டி, "மூணு வருஷம் வெளியில நில்லு," என்றார். அவள் எழுந்து நின்றாள். ஒத்திகைப்படி அவள் ஒன்றும் பேசக் கூடாது.

முன்வரிசையில் இன்னாசியம்மாள், களை எடுக்கப் போகிறவள், பொறுக்கமாட்டாமல் எழுந்தாள். "பிள்ளகுட்டிக்காரி, வேற என்னத்தப் பண்ணுவா? எம்புட்டு நேரம் நிக்க வைப்ப? உள்ள விடப்பா!"

சிலர் சிரித்தார்கள். ஆனால் பின்னாலிருந்தும், "விடுங்க, விடுங்க," என்று குரல் வந்தது. சந்தனசாமி திரைமறைவில் நின்ற வியாகுலமேரியைப் பார்த்தார். அவள் தலையசைக்கவில்லை. அவராகவே கம்பைக் கீழே போட்டுவிட்டு, "வா ஆத்தா, உள்ள வா," என்றார். வசனத்தில் இல்லாத வார்த்தை. ஜாஸ்பின் நிஜமாகவே அழுதுகொண்டு உள்ளே வந்தாள்.

வியாகுலமேரி பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். முழங்கால் வலித்தது. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. கொட்டாவிதான் வந்தது. பள்ளிக்கூடத்தில் யாரிடமும் எதையும் அவள் சொல்லப் போவதில்லை, நாளைக்குக் காலை ஏழே காலுக்குப் பஸ். மேடையில் சிங்கங்கள் கடைசிக் கும்பிடு போட வந்துவிட்டன போல, பிள்ளைகள் கத்தினார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள்.