திங்கட்கிழமை அடக்கம்

பேனாவை அழுத்தி 'ஞாயிறு மாலை' என்பதை அடித்துவிட்டு, மேலே 'திங்கள் காலை ஆறு மணி' என்று எழுதினாள். இன்னும் நாற்பது தாள்கள் பாக்கி. பக்கத்து அறையில் அப்பா பெட்டிக்குள் கிடந்தார். சனிக்கிழமை விடியலில்தான் உயிர் போயிருந்தது.

அடக்க அறிவிப்பை அச்சடித்து வந்தது அண்ணன். கோவில்பிள்ளையின் மகன்! முப்பத்தெட்டு வருடம் மணியடித்து, பீடம் துடைத்து, பூசைக்கு எல்லாம் எடுத்துவைத்த மனிதருக்குப் பிறந்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்கால ஞாயிறுகளில் அடக்கப் பூசை கிடையாது என்பதை மறந்திருந்தான். அதைச் சொல்லிச் சொல்லியே அப்பா ஊர்ப்பட்ட வசவு வாங்கியவர். ஆலை முதலாளி வீட்டுச் சாவுக்கே, ஃபாதர் வாய் திறக்கும் முன், "திங்கக்கிழமை வச்சுக்கலாங்க" என்று கைகட்டி நின்று மறுத்தவர்.

அண்ணனுக்கு ஞாயிறு இரவு விமானம். வேலை நாளில் எவன் வருவான், காலிக் கோவிலிலா அப்பாவை வைக்கப்போகிறாய் என்று கேட்டான். பூசையில்லாமல் வெறும் ஜெபத்தோடு ஞாயிறே அடக்கலாம் என்று ஃபாதரும் இறங்கிவந்தார். அவளுக்கும் பயம்தான். ஊரில் ஒரு சாவு விடாமல் வாசலில் நின்று வழியனுப்பியவருக்கு நாலு பேர் இல்லாமல் போய்விட்டால்?

ஆனாலும் சொன்னாள்: "எல்லார் பூசைக்கும் எடுத்துவச்ச மனுஷன்ணா. அவரைப் பூசை இல்லாம அனுப்பச் சொல்றியா?"

மறுநாள் சாயங்காலம் அண்ணன் பயணப் பெட்டியோடு படியிறங்கினான். அவள் தடுக்கவில்லை. கெஞ்சுவது அந்த வீட்டில் யாருக்கும் வராது.

திங்கள் காலை பத்துப் பேரை எதிர்பார்த்துப் போனவளுக்குக் கோவில் வாசலில் கால் தயங்கியது. உள்ளே நிற்க இடமில்லை. சீருடையில் பஸ் டிரைவர்கள், இரவு வேலை முடிந்து கண் சிவந்த நர்சுகள், புத்தகப் பையோடு பிள்ளைகள். வேலைக்குப் போகும் வழியில் எல்லோரும் இங்கே திரும்பியிருந்தார்கள். ஆலை முதலாளி கடைசித் தூணோரம் நின்றார். இவர் என் அப்பா என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும் போலிருந்தது. பெட்டிக்குப் பின்னால் தலைநிமிர்ந்து நடந்தாள்.

பீடத்தருகே அப்பாவின் வேலையை யாரோ செய்துகொண்டிருந்தார்கள். அண்ணன்தான். விமான நிலையம் வரை போய்த் திரும்பியிருக்க வேண்டும், சட்டை கசங்கியிருந்தது.

பச்சை இலை வளையத்தில் நான்கு மெழுகுதிரிகள். கிறிஸ்துமஸ் வரை வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்ற வேண்டும். இது இரண்டாம் வாரம். முதல் திரியை ஏற்றினான். இரண்டாவதை ஏற்றினான். மூன்றாவதை நோக்கிப் போன கை சற்று நின்றது.

பிறகு குனிந்து தீக்குச்சியை ஊதி அணைத்தான்.