இடது காலின் கன்னடம்

பக்கவாதம் வந்து போனதும் என் இடது காலுக்குக் கன்னடம் மட்டும்தான் தெரிந்தது. ஈரோட்டில் நான் படுத்திருந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மொழியாகப் பேசிப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த மாவு மில்காரருக்கு வலது கை மராத்திக்குப் போயிருந்தது. அவருடைய மகன்கள் மராத்தி தெரிந்த ஆளைத் தேடி வெளியே போயிருந்தார்கள். உங்களுக்குச் சிரமம் குறைவு என்று நர்ஸ் என்னிடம் சொன்னார்.

குறைவுதான். என் மனைவி தெய்வானை தாளவாடிக்காரி. மலைமேல் அவர்கள் வீட்டில் கன்னடம்தான் பேச்சு. கல்யாணமாகி ஈரோட்டுக்கு வந்த பிறகு அவள் அதைப் பேசி நான் கேட்டதில்லை. இங்கே பேச ஆள் இல்லை. அன்று அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்று என் பாதத்தைப் பார்த்து, "எத்து" என்றாள். யாரையோ உதைக்கச் சொல்கிறாள் என்று நினைத்தேன். கால் மெதுவாக மேலே எழுந்தது. கன்னடத்தில் அதற்குத் தூக்கு என்று பொருளாம். பிறகு அவள் ஏதோ கேட்டாள். கணுக்காலிலிருந்து தணிந்த குரலில் பதில் வந்தது.

"என்ன சொல்லுது?" என்றேன்.

"தரை ரொம்பத் தூரத்துல இருக்குதாமுங்க."

நான் அரசு பஸ் டிரைவர். கிளட்சை மிதிப்பது இடது கால். நான் சொல்வது அதற்குப் புரியாவிட்டால் வண்டியை எடுக்க முடியாது. அதனால் காலில் மாட்டிக்கொள்கிற காலிபர் போடச் சொன்னார்கள்.

காலிபர் செய்கிற நவநீதன் என் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அளவெடுத்தார். "எந்த மொழிங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். ஆனாலும் முதலில் வந்தது தெலுங்குக் காலிபர். அதை மாட்டிக்கொண்டு நட என்றேன். அது தெலுங்கில் சொன்னது. கால் மரியாதையாகக் காத்திருந்தது. நான் சுவரில் போய்ச் சாய்ந்தேன். மறுவாரம் மாற்றிக் கொடுத்தார். வெள்ளை பிளாஸ்டிக், ஆடுசதையின் பின்னாலிருந்து இறங்கிப் பாதத்துக்கு அடியில் போய் ஷூவுக்குள் அடங்கிவிடும். விரல்கள் தொங்கித் தடுக்கிவிடாமல் பிடித்துக்கொள்ளும். நான் தமிழில் சொல்வதைக் காலுக்குக் கன்னடத்தில் சொல்லும். அங்கே நடக்கிற பேச்சை எனக்குத் திருத்தமான தமிழில் சொல்லும். அதன் குரல் எலும்பு வழியாக வருவதால் போட்டிருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும்.

அதைப் போட்டுக்கொண்டு தெருமுனை டீக்கடை வரை போய் வந்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஃபிசியோதெரபி செய்ய வந்த எஸ்தர் ஒத்துக்கொள்ளவில்லை.

"நடக்கும்போது போட்டுக்குங்கண்ணா. பயிற்சிக்கு நான் வந்தா கழட்டி வச்சிடணும். நீங்களே கால்கிட்டப் பேசணும்."

"அதுக்குப் புரியாதேம்மா."

"புரியாட்டியும் பேசுங்க. இல்லேன்னா காலிபர் சொல்றதை மட்டும் கேட்டுப் பழகி, உங்க குரலையே மறந்துடும்." பிறகு தெய்வானையிடம், "அக்கா, நீங்க எடுத்துக் குடுக்கக் கூடாது" என்றாள்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மடக்கு என்றேன். நீட்டு என்றேன். கால் அந்நியரைப் போல இருந்தது. முழங்கால் மடிந்து கீழே போனபோது பயத்தில், "நில்லு!" என்று கத்தினேன். முழங்கால் நின்றுவிட்டது. இரண்டு மொழியிலும் அது நில்லுதான். எஸ்தர் கைதட்டினாள். தெய்வானை வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

காலிபர் இல்லாதபோது நட என்று சொன்னால் கால் அசையாது. கன்னடத்தில் நடி என்று சொல்ல வேண்டும். நான் வராந்தாவில் நடி, நடி என்று சொல்லிக்கொண்டு போவதைக் கேட்ட எதிர்வீட்டுக்காரர், நன்றாகவே நடிக்கிறது என்றார்.

சாயங்காலங்களில் நான் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஸ்டூலில் வைத்துக்கொள்வேன். தெய்வானை பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வேலை செய்தபடி அதனுடன் பேசுவாள். கன்னடத்தில் அவள் குரல் கொஞ்சம் உயர்ந்து, வேகமாக இருந்தது. கால் ஏதாவது சொன்னால் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அவளுக்குப் பின்வரிசையில் ஒரு பல் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"என்ன பேசறீங்க?"

"சும்மாங்க."

ஒருநாள் காலிபரைக் கழற்ற மறந்து, வேட்டிக்குள் அது இருக்க அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தெய்வானை மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். காலிபர் தன் வேலையைச் செய்தது.

"அம்மா இறந்த செய்தி வந்தபோது இந்த வீட்டில் எல்லோரும் தமிழில் அழுதார்கள், நானும் தமிழில் அழுதேன், அதில் பாதிதான் வெளியே வந்தது என்று அம்மையார் சொல்கிறார்."

நான் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மீதியை இப்போது அழலாம், எனக்கு வேறு வேலை இல்லை என்று கால் சொல்கிறது."

தெய்வானை மொச்சைத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு அழுதாள். காலிபர் அதை மொழிபெயர்க்கவில்லை. அதன் வேலை சொற்கள் மட்டும். என் கால் அவள் தோள்பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்தது. நான் நகர்த்தவில்லை.

அடுத்த வாரம் எஸ்தர் மிகுந்த சந்தோஷத்தில் இருந்தாள். நான் தூக்கு என்றதும் குதிகால் லேசாக எழுந்திருந்தது.

"தமிழ் வருதுண்ணா! இப்படியே தினமும் தமிழ்ல சொல்லிட்டே வாங்க. முழுசா வந்துடும். மறுபடி பஸ் ஓட்டலாம்."

"கன்னடம்?"

"அது போயிடும். ரெண்டும் நிக்காது. போனா திரும்பாது."

தெய்வானை ஜன்னலோரம் நின்று துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். "நல்லதுங்க" என்றாள். மடித்த துண்டை உதறி மறுபடியும் மடித்தாள்.

மறுநாள் பாய் விரித்து, காலிபரைக் கழற்றி வைத்து, எஸ்தர் தயாரானாள். நான் காலைப் பார்த்து, "எத்து" என்றேன்.

"தமிழ்ல, அண்ணா."

"இதுலயே சொல்றேம்மா. நான்தானே சொல்லணும்னு சொன்னே? நான்தானே சொல்றேன்."

எஸ்தர் மறுக்க வாயெடுத்தாள். கால் அதற்குள் எழுந்துவிட்டிருந்தது. அவள் குனிந்து முழங்காலை நேர்ப்படுத்திவிட்டு, அடுத்ததைச் சொல்லுங்கள் என்றாள். அடுத்தது எனக்குத் தெரியவில்லை. தெய்வானையைப் பார்த்தேன். அவள் எஸ்தரைப் பார்த்தாள்.

"சொல்லிக் குடுங்கக்கா" என்றாள் எஸ்தர்.

அதிலிருந்து, நான் பேசினால் என் உச்சரிப்பு மோசம் என்று கால் சொல்லும். தெய்வானை திருத்துவாள். தெருவில் நடக்கக் காலிபர் வேண்டியிருந்தது. ஆனால் அது பேசுவது குறைந்துகொண்டே வந்து, பிறகு கணுக்காலைப் பிடித்துக்கொள்வது மட்டும் அதன் வேலையாயிற்று.

டெப்போவில் மேனேஜர் என்னை உட்கார வைத்துப் பேசினார்.

"திடீர்னு ஒரு ஆடு குறுக்க வருது. பிரேக்கோட கிளட்சையும் மிதிக்கணும். கால் கேக்குமா?"

"கன்னடத்துல சொன்னாக் கேக்குமுங்க சார்."

"நீ கன்னடத்துல பதறுவியா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்லீங்க சார். பதறுறது இன்னும் தமிழ்லதானுங்க."

அவர் வருத்தப்பட்டார். நானும் வருத்தப்பட்டேன். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பழகிய கை எனக்கு. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சும்மா இருக்க முடியாமல் சட்டை நுனியைத் திருகிக்கொண்டே வந்தது. பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் வேலை கொடுத்தார்கள்.

வேலையில் சேர்ந்த பிறகு ஒருநாள் காலையில் தெய்வானை பையுடன் பஸ் நிலையத்துக்கு வந்தாள். தாளவாடியில் அண்ணன் வீட்டில் சில நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். நான் டைம் கீப்பர் கூண்டிலிருந்து இறங்கி அவளுடன் பிளாட்பாரத்தில் நின்றேன். அவள் குனிந்து காலிடம் ஏதோ சொன்னாள். பிறகு நிமிர்ந்து என்னிடமும் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். முதல் பாதி எனக்குப் புரிந்தது.

"ஹோகி பா" என்றேன். போய் வா என்று அர்த்தம்.

தாளவாடி பஸ் அன்று வரவில்லை. வண்டி பழுதாகி டெப்போவில் நின்றதால் அதன் ஹாரன் மட்டும் வந்தது. காத்திருந்தவர்கள் வரிசையாக ஏறிக்கொண்டார்கள். தெய்வானைக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. நான் நேரத்தைக் குறித்துக்கொண்டு விசில் கொடுத்தேன். ஹாரன் ஒரு சுற்றுச் சுற்றி, சத்தியமங்கலம் ரோட்டில் திரும்பியது.